அக்ரிலிக் மீன் தொட்டியில் கீறல்: தேய்த்து, பாலிஷ் போட்டு எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் இருப்பது 4 அடி நீளமுள்ள அக்ரிலிக் தொட்டி. பலகையின் தடிமன் 12 மில்லிமீட்டர். கைமாறி வந்த பழைய தொட்டி என்பதால் வரும்போதே உடம்பெல்லாம் கீறலோடுதான் வந்தது. அதைச் சரிசெய்து முடித்ததிலிருந்து, அக்ரிலிக் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் தொட்டி கண்ணாடியா, அக்ரிலிக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி 'டிங்' என்று ஒலிக்கும். அக்ரிலிக் 'டொக்' என்று அடங்கிப் போகும். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் சாதாரணக் கண்ணாடியில் பச்சை நிறம் தெரியும், அக்ரிலிக்கில் தெரியாது. மூலைகளில் சிலிக்கான் பசை கோடாகத் தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. மூலை வளைந்து ஒரே பலகையாக ஓடினாலோ, இணைப்பு கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருந்தாலோ அக்ரிலிக்.

இதை முதலில் உறுதி செய்துகொள்வது அவசியம். இங்கே சொல்லும் எதுவும் கண்ணாடிக்குப் பொருந்தாது. கண்ணாடிக் கீறலுக்கு சீரியம் ஆக்சைடு போட்டுத் தேய்ப்பது தனி வேலை. அதிலும் ஆழமான கீறல் என்றால் கண்ணாடியைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் நல்லது.

அக்ரிலிக்கில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கீறல் விழுகிறது?

அது மிருதுவான பிளாஸ்டிக். தொட்டியின் அடியில் நாம் போடும் ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை, அக்ரிலிக் மூன்று அளவில்தான். அதாவது அந்த மணல் கண்ணாடியையே கீறிவிடும், அக்ரிலிக்கை விட்டு வைக்குமா? கடல்மீன் தொட்டியில் போடும் பவள மணல்கூட அக்ரிலிக்கை விடக் கடினமானதுதான்.

ஆனால் அந்த மிருதுத்தன்மைதான் நமக்குச் சாதகமும். கண்ணாடியில் விழுந்த ஆழமான கீறல் காலத்துக்கும் அப்படியே இருக்கும். அக்ரிலிக்கை வீட்டிலேயே, கையாலேயே தேய்த்துப் பழையபடி பளபளப்பாக்கலாம். விமானங்களின் அக்ரிலிக் ஜன்னல்களில் விழும் கீறல்களையும் இதே முறையில்தான் எடுக்கிறார்கள்.

கீறல் என்று நான் நினைப்பது உண்மையில் கீறல்தானா?

நல்ல கேள்வி. முக்கியமாக போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். தூரத்திலிருந்து பார்த்தால் கீறல் மாதிரியே இருக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பனியன் துணியை நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். கரைந்து வந்தால் உப்புக் கறை. வினிகர் அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, வெடிப்பு. ஓர் இடத்தில் வலை பின்னியது போல மெல்லிய கோடுகள் பலகைக்கு உள்ளேயே மினுமினுத்தால், தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது மட்டும் வெள்ளி ஜரிகை போலத் தெரிந்தால், அது கீறல் அல்ல. ரசாயனம் பட்டோ, அழுத்தத்தாலோ பிளாஸ்டிக்குக்குள் உண்டாகும் நுண்வெடிப்பு. மேற்பரப்பில் இருப்பதைத் தேய்த்து எடுக்கலாம், உள்ளே இறங்கியதை எடுக்க முடியாது. மூலையிலிருந்து கிளம்பும் ஒற்றைக் கோடு விரிசலாக இருக்கலாம். அதைத் தேய்க்காதீர்கள். தண்ணீரை இறக்கிவிட்டு, தொட்டி செய்பவரிடம் காட்டுங்கள்.

எல்லாக் கீறலையும் எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். பத்துப் பேர் கேட்டால் ஆறேழு பேரிடம் 'விட்டுவிடுங்கள்' என்றுதான் சொல்கிறேன். காரணம் இதுதான்.

கீறல் நம் கண்ணுக்குத் தெரிவது, அந்தக் குழியின் ஓரத்தில் ஒளி திசை மாறுவதால். இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு இடையே எவ்வளவு வித்தியாசமோ அந்த அளவுக்கு ஒளி வளையும், தெறிக்கும். அக்ரிலிக்கின் எண் 1.49. காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33. வெளிப்பக்கக் கீறலுக்குள் இருப்பது காற்று. வித்தியாசம் பெரிது, பளிச்சென்று தெரியும். உள்பக்கக் கீறலைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. வித்தியாசம் சிறிது, மங்கிவிடும். நேராக விழும் ஒளியில் அக்ரிலிக்கும் காற்றும் சேரும் இடத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பி வருகிறது. அக்ரிலிக்கும் தண்ணீரும் சேரும் இடத்தில் சுமார் 0.3 சதவீதம்தான்.

ஆகவே காலித் தொட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் நிரப்பி, விளக்குப் போட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். என் தொட்டியைக் காலியாக வாங்கி வந்தபோது உள்பக்கம் முழுக்க முடிக் கீறல்கள். இரண்டு நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும் என்று மலைத்துப் போனேன். தண்ணீர் நிரப்பியதும் பத்தில் எட்டு காணாமல் போயின. மிச்சம் நின்றவை நான்கைந்துதான்.

இதிலிருந்து இன்னொரு சௌகரியமும் கிடைக்கிறது. உள்பக்கத்தை 2000 நம்பர் உப்புத்தாளோடு (நம்பர் கூடக் கூடத் தாளின் துகள் சின்னதாகும்) நிறுத்தி லேசாகப் பாலிஷ் போட்டாலே போதும், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. கடைசிப் பாலிஷ் வரை போயே ஆக வேண்டும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்?

கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகத்துக்கே தெரியவில்லை என்றால் மேலோட்டமான முடிக் கீறல். பாலிஷ் மட்டும் போட்டுப் பாருங்கள், போகாவிட்டால் 1500-இல் தொடங்குங்கள். நகம் லேசாக உணர்ந்தால் 800. நகம் தட்டி நின்றால் 400. 400-க்குக் கீழே போக வீட்டில் அநேகமாக அவசியம் வராது. முதலில் மெல்லிய தாளில் தொடங்கி, கீறல் அசையவில்லை என்று தெரிந்தால் மட்டும் முரட்டுத் தாளுக்கு இறங்குங்கள். மெல்லியதில் தொடங்கினால் நேரம்தான் கொஞ்சம் போகும். முரட்டுத் தாளில் தொடங்கிவிட்டால், அது போட்ட கோடுகளையெல்லாம் எடுக்கிற வேலை நம் தலையில் விழும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

வாட்டர் பேப்பர்தான் பிரதானம். மரவேலைக்கு வாங்கும் மஞ்சள் உப்புத்தாள் தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடும், அது வேண்டாம். கறுப்பாக இருக்கும் சிலிக்கான் கார்பைடு வாட்டர் பேப்பரை வாங்குங்கள். 400, 600, 800, 1000, 1500, 2000 நம்பர்கள், முடிந்தால் 2500 அல்லது 3000. பக்கத்து ஹார்டுவேர் கடையில் 1000-க்கு மேல் அநேகமாக இருக்காது. கார் பெயின்ட் விற்கும் கடைகளில் எல்லா நம்பரும் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைப் பக்கம் போனால் ஒரே நடையில் முடிந்துவிடும்.

அப்புறம் தாளைச் சுற்றிப் பிடிக்க ரப்பர் கட்டை அல்லது அடர்த்தியான ஸ்பாஞ்ச், ஸ்பிரே பாட்டில், இரண்டு பக்கெட், கையடக்க டார்ச், பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பாலிஷ், புதுப் பனியன் துணி. பழைய பனியனும் சரிதான், ஆனால் தையல், பட்டன், அச்சு எதுவும் இல்லாத பாகமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மீன்களை எங்கே விடுவது?

உள்பக்கம் தேய்ப்பதாக இருந்தால் மட்டும் இந்தக் கவலை. வெளிப்பக்கம் என்றால் மீன்கள் பாட்டுக்கு இருக்கலாம், மேலே மூடி மட்டும் சரியாக இருக்கட்டும். பாலிஷ் துளி தெறித்து உள்ளே விழக் கூடாது.

உள்பக்கத்துக்கு: முதலில் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி, அது ஆறும் வரை காத்திருங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். அக்ரிலிக் சுவரில் சாய்ந்தால் சுவரையே உருக்கும். தொட்டித் தண்ணீரையே பெரிய டப்பில் எடுத்து, ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடவிட்டு மீன்களை மாற்றுங்கள். மேலே வலை போட்டு மூடுங்கள், புது இடத்தில் மீன்கள் துள்ளும். ஃபில்டரில் இருக்கும் பஞ்சு, பீங்கான் வளையம் எதையும் குழாய்த் தண்ணீரில் அலசாமல், காயவும் விடாமல், அதே டப்பிலேயே போட்டு வையுங்கள். மீன் கழிவை மாற்றித் தரும் பாக்டீரியா அங்கேதான் குடியிருக்கிறது. அது செத்தால் தொட்டி பளபளப்பாக இருக்கும், மீன் இருக்காது. டப்பில் இருக்கும் நாள்களில் தீனியைக் குறையுங்கள், முதல் நாள் போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

சரி, தேய்க்கும் முறையைச் சொல்லுங்கள்.

தாளை எடுப்பதற்கு முன் பலகையை நன்றாகக் கழுவுங்கள். பாசி, மணல், தூசு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. கீறல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். கீறல் தெளிவாகத் தெரியும், எங்கே தேய்க்கிறோம் என்பதும் தெரியும்.

தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் படும் இடம் மட்டும் பள்ளமாகும். பலகையில் தண்ணீரைத் தாராளமாகத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும், இது வெளிப்பக்கத்துக்கு மட்டும். முதல் தாளைக் கிடைமட்டமாக, இடவலமாக, நேர்கோட்டில் ஓட்டுங்கள். கட்டையின் கனமும் கையின் கனமும் போதும், அழுத்த வேண்டாம். அரை நிமிடத்தில் பால் போல வெள்ளைக் கரைசல் வழியும். அது அக்ரிலிக் தூள். அதைத் துடைத்து, மறுபடி தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். காய்ந்த பலகையில் ஒரு இழுப்புக்கூட வேண்டாம்.

கீறலின் மீது மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். முதல் தாளிலேயே கீறலைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலம் சேர்த்துத் தேயுங்கள். அடுத்த தாளில் அதற்கும் ஒரு அங்குலம் வெளியே போங்கள். இப்படியே ஒவ்வொரு தாளிலும் பரப்பைக் கூட்டினால், விரல் நீளக் கீறலுக்குக் கடைசியில் ஒரு தோசைக்கல் அளவு இடத்தைத் தேய்த்திருப்பீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதல் தாளை எப்போது நிறுத்துவது? பழைய கீறல் முழுதாக மறைந்த பிறகு மட்டும். பலகை மொத்தமும் மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். துடைத்துக் காயவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். அந்த மங்கலுக்கு நடுவே பழைய கோடு கொஞ்சம் தெரிந்தாலும் தொடருங்கள். அடுத்த தாள் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், அது பார்த்துக்கொள்ளாது. 400-இல் எடுக்க முடியாத கீறலை 800 ஒருநாளும் எடுக்காது.

இரண்டாவது தாளை மேலும் கீழுமாக, முதல் தாளுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். இதன் பயன் உடனே தெரியும். முந்தைய தாள் போட்ட கிடைக்கோடுகள் ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் செங்குத்துக் கோடுகளாக மாறியதும் இந்தத் தாளின் வேலை முடிந்தது. மூன்றாவது தாள் மறுபடி கிடைமட்டம். இப்படியே மாற்றி மாற்றி 2000 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் செய்வது ஒன்றுதான்: இருக்கிற கீறலை அதைவிடச் சின்னக் கீறலாக மாற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதானதும் பலகை பளபளக்கிறது.

தாளுக்குத் தாள் நடுவே கழுவுவதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். பலகை, ரப்பர் கட்டை, கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது 2000-இல். காலையிலிருந்து ஒரே பக்கெட்டில்தான் தாள்களை நனைத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தாளும் முடியப்போகிற நேரம், 'கர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். கையை எடுத்துப் பார்த்தால் மங்கிய பலகையின் நடுவே பிறை வடிவத்தில் ஒரு புதுக் கோடு. பக்கெட்டின் அடியில் கிடந்த 400 நம்பர் தாளின் ஒரே ஒரு துகள், 2000-க்கு அடியில் சிக்கியிருக்கிறது. அந்த ஒரு கோட்டுக்காக மறுபடி 600-இலிருந்து வந்தேன். இரண்டு பக்கெட் என்று மேலே எழுதியது அதனால்தான்.

நேரம் மிச்சம் பிடிக்க 400-இலிருந்து நேராக 1000-க்குப் போகலாமா?

போகக் கூடாது. 400 நம்பர் தாளின் துகள் ஏறக்குறைய 35 மைக்ரான், 1000-இன் துகள் 18 மைக்ரான். பாதி அளவுத் துகளை வைத்துக்கொண்டு இரட்டிப்பு ஆழத்தை எடுக்க வேண்டியிருக்கும். மணிக்கணக்கில் தேய்ப்பீர்கள், பொறுமை போய், பாதியிலேயே அடுத்த தாளுக்கு மாறிவிடுவீர்கள். பாலிஷ் போட்டு முடித்து, விளக்குப் போட்ட பிறகுதான் அந்த 400-இன் கோடுகள் தெரியும். நடுவில் 600-ஐயும் 800-ஐயும் வைத்தால் ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மைக்ரோ-மெஷ் என்று சொல்கிறார்களே, வாங்கலாமா?

கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். துணி மேல் ஒரு மெத்தைப் படலம், அதன் மேல் துகள். அழுத்தினால் துகள் உள்ளே அமுங்கிக்கொள்ளும், அதனால் தாறுமாறான ஆழக் கோடுகள் விழாது. 1500-இல் தொடங்கி 12000 வரை இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் எண் வரிசை வேறு. மைக்ரோ-மெஷ் 1500 என்பது நம் வாட்டர் பேப்பர் 1500 அல்ல, ஏறத்தாழ 500, 600 நம்பர் அளவுக்கு முரடு. வாட்டர் பேப்பர் 2000 வரை வந்துவிட்டு, அடுத்தது மைக்ரோ-மெஷ் 2400 என்று எடுத்தால் வந்த வழியே திரும்பிப் போவீர்கள்.

பாலிஷ் எப்படிப் போடுவது?

2000 அல்லது 3000-க்குப் பிறகு பலகை லேசான பனிமூட்டம் போல இருக்கும், ஆனால் ஒரே சீராக இருக்கும். அந்தச் சீர் முக்கியம். பாலிஷ் பனிமூட்டத்தை எடுக்கும், கோட்டை எடுக்காது. கழுவித் துடைத்துக் காயவிட்டு, பனியன் துணியை மடித்து, பாலிஷை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். இங்கே மட்டும் கொஞ்சம் அழுத்தம் தேவை. பாலிஷ் காய்ந்து மறையும் வரை தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, மறுபடியும் போடுங்கள். மூன்று நான்கு முறை ஆகும். இரண்டு தரம் பாலிஷ் இருந்தால் முரட்டு ரகம் முதலில், மெல்லிய ரகம் பிறகு, துணியை மாற்றிக்கொண்டு. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பின்னால் இருக்கும் கறுப்புக் காகிதம் மெல்ல மெல்லக் கறுத்து வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

உள்பக்கத்துக்கு மெழுகோ சிலிக்கான் எண்ணெயோ கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். போட்ட பாலிஷை வெதுவெதுப்பான தண்ணீரில் பலமுறை கழுவி, ஒருமுறை தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் மீன் விட வேண்டும்.

மெஷின் வைத்துச் செய்தால் சீக்கிரம் முடியாதா?

முடியும், கெடுவதும் அதே வேகத்தில். அக்ரிலிக் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். பஃபிங் சக்கரம் ஒரே இடத்தில் சில விநாடி நின்றால் அந்தச் சூடு வந்துவிடும். என் தொட்டியின் ஒரு பக்கத்தை முதலில் ஒரு கார் பாலிஷ் பட்டறையில் கொடுத்துத்தான் செய்தேன். கார் பெயின்டுக்கு ஓட்டும் வேகத்திலேயே ஓட்டிவிட்டார்கள். கீறல் போனது. ஆனால் உள்ளங்கை அளவுக்குப் பிளாஸ்டிக் இளகி இழுபட்டு, அலை அலையாக நின்றது. கீறலை விட அதைச் சமன் செய்யத்தான் அதிக நாள் ஆனது.

மெஷின்தான் வேண்டும் என்றால் வேகத்தைக் குறைக்க முடிகிற டிரில்லில் மெத்தென்ற ஃபோம் பேடு, குறைந்த வேகம், பாலிஷ் கட்டத்துக்கு மட்டும். பேடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஈரத் தாளோடு மின்சார மெஷினை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. தண்ணீர் வைத்துத் தேய்க்கும் வேலை கைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

வெளிப்பக்க முடிக் கீறலுக்கு ஓரளவு வேலை செய்யும், அதில் இருப்பதும் மெல்லிய தேய்ப்புப் பொடிதான். ஜெல் வகையில் பலன் குறைவு. உள்பக்கத்தில் வேண்டாம், அதன் வாசனைப் பொருளும் நுரைப் பொருளும் மீனுக்கு ஆகாது.

தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே?

மூன்றுமே கூடாது. தின்னரும் அசிட்டோனும் அக்ரிலிக்கைக் கரைக்கும். ஸ்பிரிட், சானிடைசர் போன்ற ஆல்கஹால் வகைகள், அம்மோனியா கலந்த ஸ்பிரே எல்லாம் முன்பு சொன்ன அந்த நுண்வெடிப்பை உண்டாக்கும். தண்ணீர் அழுத்தத்தில் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பலகைக்கு இது இன்னும் மோசம். பித்தளை துடைக்கும் திரவமும் இதே கணக்கில் சேர்த்தி. விலைச்சீட்டின் பசை போகவில்லை என்றால் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

நெருப்பைக் காட்டிப் பளபளப்பாக்குவார்களே?

அது வெட்டிய விளிம்புகளுக்கு, தொட்டியை ஒட்டுவதற்கு முன்னால், பழகிய கை செய்யும் வேலை. கட்டி முடித்த தொட்டியின் முகப்பில் நெருப்பைக் காட்டாதீர்கள்.

தண்ணீரும் மீனும் உள்ளே இருக்கும்போதே உள்பக்கக் கீறலை எடுக்க முடியுமா?

சின்னக் கீறல் என்றால் முடியும். வாட்டர் பேப்பரில் இருக்கும் சிலிக்கான் கார்பைடு தண்ணீரில் கரைவதில்லை, உதிரும் அக்ரிலிக் தூளும் விஷமல்ல. புதுத் தாளை முதலில் வேறு தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டு, முழங்கை வரை சோப்பில்லாமல் கழுவிய கையோடு இறங்குங்கள். பாலிஷ் கிடையாது, மெல்லிய தாள்கள் மட்டும். முடித்ததும் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். 400-இல் தொடங்க வேண்டிய ஆழமான கீறலுக்கு இது சரிப்படாது. தண்ணீருக்குள் எங்கே எவ்வளவு தேய்த்தோம் என்று கண்ணுக்குத் தெரியாது. கை அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடும். அடியில் இருக்கும் மணல் கிளம்பித் தாளுக்குள் புகுந்தால் இருந்ததை விடப் பெரிய கீறல் விழும்.

பெரிய அக்வேரியங்களில் என்ன செய்கிறார்கள்?

இதே வேலைதான், ஆளுயரத்துக்கு. ஜப்பானின் ஒகினாவாவில் 2002-இல் திறந்த சுராவ்மி அக்வேரியத்தின் பெரிய தொட்டியில் 7,500 கன மீட்டர் தண்ணீர் நிற்கிறது. திமிங்கலச் சுறாக்கள் நீந்தும் அந்தத் தொட்டியின் முகப்பு 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட அக்ரிலிக். அந்தத் தடிமனுக்குச் சாதாரணக் கண்ணாடியை வைத்தால் பச்சை நிறம் ஏறி உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. அக்ரிலிக் பலகைகளையோ ஒட்டியது தெரியாமல் ஒட்டலாம். இது போன்ற பெரிய தொட்டிகளைக் காலி செய்வது சாத்தியமில்லை என்பதால், முக்குளிப்பவர்கள் உள்ளே இறங்கித் தண்ணீருக்கடியிலேயே தேய்த்துப் பாலிஷ் செய்வதும் உண்டு.

தேய்த்துத் தேய்த்துப் பலகை பலவீனமாகிவிடாதா?

நகம் தட்டுகிற கீறலுக்குக்கூட ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பின்னம்தான் போகிறது. 10, 12 மில்லிமீட்டர் பலகைக்கு அது ஒன்றுமில்லை. 3 மில்லிமீட்டரில் செய்த குட்டித் தொட்டி என்றால் யோசித்துச் செய்யுங்கள். மூலை இணைப்புகளின் மேல் மட்டும் தாளை ஓட்டாதீர்கள். தொட்டியின் மொத்தக் கனத்தையும் பிடித்து வைத்திருப்பது அந்த ஒட்டுதான். ஒரு அங்குலம் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீறல் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்போது மீன் வளைந்து தெரிகிறதே?

குழி விழுந்திருக்கிறது. பளபளப்பான குழி ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. பரப்பைக் கூட்டாமல் ஒரே இடத்தில் தேய்த்தால் இப்படி ஆகும். சரிசெய்யலாம்: 800-ஐ நீளமான கட்டையில் சுற்றி, அந்தக் குழியைச் சுற்றிலும் நல்ல அகலத்துக்குத் தேய்த்து, சரிவைப் படிப்படியாக நீட்டிவிட்டு, மறுபடி 2000 வரை வந்து பாலிஷ் போடுங்கள். குழி முழுதும் போகாது. ஆனால் சரிவு நீள நீள வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மறுபடி கீறல் விழாமல் இருக்க?

நான் பார்த்த கீறல்களில் பாதிக்கு மேல் காந்தக் கிளீனரால் வந்தவை. காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், இழுத்த நீளத்துக்குக் கோடு. மணல் மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலத்துக்குள் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பகுதிக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். காந்தத்தைச் சுவரிலேயே விட்டு வைக்காமல், ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் குழாயடியில் கழுவி வையுங்கள்.

பிளேடு, கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர் மூன்றையும் தொட்டி பக்கமே கொண்டுவராதீர்கள். வெளிப்பக்கத் தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பதும் தவறு, அக்ரிலிக் நிலைமின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். முதலில் தண்ணீர் தெளித்து வழியவிட்டுத் துடையுங்கள். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், கடல் முள்ளெலி சுவரில் ஏறி மேயும்போது அதன் பல் அக்ரிலிக்கில் தடம் போடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசியை இறுக விடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை பனியன் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டால் சுரண்ட வேண்டிய தேவையே வராது. என் தொட்டியின் பக்கத்தில் இதற்கென்றே ஒரு துணி கொடியில் தொங்குகிறது. அதை வீட்டில் வேறு எதற்கும் யாரும் எடுப்பதில்லை.